34 டிகிரியா, 41 டிகிரியா? சைக்கிள் வீரர்களை நம்பகமாக அளப்பது பற்றி

திருவொற்றியூரில் பிள்ளைகளுக்கு சைக்கிள் ரேஸ் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் கேட்டது இது: "என்கிட்ட மாநில அளவுல ஓட்டுற ஆறு பேர் இருக்காங்க. அதுல ஒரு பொண்ணுக்கு முழங்கால் முன்பக்கம் வலி. சைக்கிளை ஆளுக்கு ஏத்த மாதிரி அமைச்சுத் தர்ற ஃபிட்டிங் ஸ்டுடியோ ஒண்ணுல முழங்கால் கோணம் 34 டிகிரி, சீட்டு சரியா இருக்குன்னாங்க. அடுத்த வாரம் வேற இடத்துல 41 டிகிரி, சீட்டு ரொம்ப இறங்கியிருக்குன்னாங்க. நடுவுல சீட்டைத் தொடவே இல்லை. யாரை நம்புறது? பெரிய டீமுங்க இதையெல்லாம் எப்படி நம்பிக்கையா அளக்குறாங்க? எங்களால முடியுமா?"

மாஸ்டர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும். பெரிய டீம்களின் கருவிகள் இல்லாமலே உங்கள் ஆறு பேருக்கும் போதுமான அளவு நம்பகமாக அளக்கலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சீட்டும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, அப்படியிருந்தும் உங்கள் கையில் வருகிற எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டு ஸ்டுடியோவும் உங்களிடம் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அது தெரியாதவரை 34 என்பதும் 41 என்பதும் வெறும் எண்கள்.

முதலில் அந்த 7 டிகிரி எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். தொடை 42 செ.மீ., முழங்காலிலிருந்து கணுக்கால்வரை 42 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது அவருடைய முழங்கால் மடிப்பு (கால் நேராக இருந்தால் பூஜ்யம்) 34-இலிருந்து 41 ஆக வேண்டுமானால், இடுப்புக்கும் கணுக்காலுக்கும் நடுவிலுள்ள தூரம் சுமார் 16 மி.மீ. குறைய வேண்டும். அதாவது யாரோ சீட்டை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறக்கியிருக்க வேண்டும். தினமும் ஓட்டுகிற பிள்ளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் மாறினாலே தெரிந்துவிடும், "யாரு மாஸ்டர் என் சீட்டுல கை வெச்சது?" என்று வந்து நிற்கும். உங்கள் பெண் எதுவும் சொல்லவில்லை. ஆக, மாறியது அவள் உடம்பும் இல்லை, சைக்கிளும் இல்லை. அளந்த விதம்தான் மாறியிருக்கிறது.

முதல் இடத்தில் அவளை எப்படி அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெடலை அடியில் நிறுத்தச் சொல்லி, பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலில் வைத்துப் பார்த்திருப்பார்கள். இரண்டாவது இடத்தில் டிரெய்னரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்கவிடும் ஸ்டாண்டில், மிதிக்கவிட்டு வீடியோ எடுத்திருப்பார்கள். இவை இரண்டும் வெவ்வேறு அளவுகள். பெடலை நிறுத்திய நிலையில் குதிகால் தளர்ந்து இறங்கும், கால் நீளும். மிதிக்கும்போது குதிகால் கொஞ்சம் தூக்கியே இருக்கும், இடுப்பும் சீட்டில் கொஞ்சம் அசையும். அதே சீட்டில், அதே ஆளுக்கு, மிதிக்கும்போது 5 முதல் 10 டிகிரி வரை கூடுதல் மடிப்பு வருவது வழக்கமான விஷயம். 34-ம் 41-ம் இரண்டுமே சரியான எண்களாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தவறு நடந்த இடம் வேறு. 25 முதல் 35 டிகிரி என்று எல்லோரும் சொல்கிற வரம்பு, 1990-களில் ஹோம்ஸ், புரூயிட் என்ற ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்து பரவியது. அது நிறுத்திவைத்து அளப்பதற்கானது. ஓடும் வீடியோவில் வந்த 41-ஐ அந்த வரம்போடு ஒப்பிட்டு "சீட்டு இறங்கியிருக்கிறது" என்றால் கணக்கு எங்கே நிற்கும்? எண்ணைக் கொடுப்பவர் அது பெடலை நிறுத்தி எடுத்த அளவா, ஓடும் அளவா, எத்தனை வாட் சக்தியில், எந்த கேடன்ஸில் (நிமிடத்துக்கு எத்தனை மிதிச் சுற்று) என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வருவதில் பயனில்லை.

இனி அளக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய லேபுகளில் சுற்றிலும் அகச்சிவப்பு கேமராக்கள் இருக்கும், உடம்பில் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். நம் ஊரிலேயே போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையத்தில் அந்த மாதிரி லேப் உண்டு. பவுலர்களின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இடம் அது. இத்தகைய கேமராக்கள் ஓர் உருண்டை எங்கே இருக்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். அந்த உருண்டையை எலும்பின்மேல் சரியான இடத்தில் ஒட்டுவது மட்டும் அங்கேயும் மனிதக் கைதான். லட்சக்கணக்கில் செலவழித்தாலும் பெரும் பிழை அந்தக் கையில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு நல்ல சேதியும் அதுதான், ஏனென்றால் கையைப் பழக்கக் காசு வேண்டாம்.

அந்த உருண்டைக்குப் பதில் நீங்கள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய நான்கு இடங்கள்: இடுப்பின் பக்கவாட்டில் தொடை எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடம், முழங்காலின் வெளிப்பக்க எலும்பு, கணுக்காலின் வெளிப்பக்கக் குமிழ், கால் சுண்டுவிரலின் அடிமூட்டு. இதில் எது தவறினால் அதிகம் கெடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இடுப்பு ஸ்டிக்கர் தொடைக்குக் குறுக்கே 1 செ.மீ. நகர்ந்தால் கோணம் சுமார் 1.4 டிகிரி தவறும். முழங்கால் ஸ்டிக்கர் அதே 1 செ.மீ. முன்னேயோ பின்னேயோ போனால் தொடைக் கோடும் கீழ்க்கால் கோடும் இரண்டுமே சாயும், பிழை இரட்டிப்பாகி 2.7 டிகிரி ஆகிவிடும். எல்லோரும் இடுப்பைத் தேடுவதில் நேரம் செலவழித்துவிட்டு முழங்காலில் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவார்கள். நீங்கள் முழங்காலில் நிதானமாக இருங்கள்.

நிற்கவைத்து ஒட்டாதீர்கள். நின்றால் எலும்புக்கு நேராக இருந்த தோல், சைக்கிளில் குனிந்து உட்கார்ந்ததும் சறுக்கிப் போய்விடும். சீட்டில் உட்காரவைத்து, கையைப் பிடியில் வைத்து, பெடலை அடியில் நிறுத்தி, அந்த நிலையில் தேடுங்கள். இடுப்பு எலும்பு கையில் சிக்கவில்லை என்றால் காலை உள்ளேயும் வெளியேயும் திருப்பச் சொன்னால் விரலுக்கு அடியில் உருளும். பெண் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய ஒரு பெண் பயிற்சியாளரையோ அவளுடைய அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விரல் வைக்க வேண்டிய இடத்தை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

நம் ஊர் வேர்வை பெரிய எதிரி. பத்து நிமிடம் மிதித்ததும் முழங்கால் ஸ்டிக்கர் ஒரு ஓரம் கிளம்பி, ஒவ்வொரு மிதிக்கும் கொடி மாதிரி ஆடும். ஒட்டியவருக்கு அது தெரியாது, வீடியோவில் மட்டும் கோணம் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஒட்டும் முன் அந்த இடத்தை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, முடி இருந்தால் மழித்து, அழியாத மையில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன்மேல் ஸ்டிக்கரின் நடுவை வைத்து ஒட்டுங்கள். மிதித்து முடித்ததும் ஸ்டிக்கரை உரிக்கும்போது குறி நடுவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளிப் போயிருந்தால் அந்த வீடியோவைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டிக்கருக்கு லாரியின் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் தாளே போதும், மணலி, மாதவரம் பக்கம் லாரி சாமான் கடைகளில் கேளுங்கள். 2 செ.மீ. வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். இடுப்பில் மட்டும் பேண்ட் துணிமேல் ஒட்ட வேண்டிவரும். துணி சறுக்கும் என்பதால் அங்கே இறுக்கமான லைக்ராதான், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே பேண்ட்.

கேமராவுக்கு உங்கள் போன் போதும், ஆனால் சாதாரண வீடியோ மோடில் எடுக்காதீர்கள். 90 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 சுற்றில் மிதித்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஒரு நொடிக்கு 540 டிகிரி சுற்றுகிறது. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 18 டிகிரி ஓடிப்போயிருக்கும். பெடல் அடியில் இருந்த நொடி உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். 240 படம் என்றால் 2.25 டிகிரி. ஸ்லோ மோஷன் மோடு அதற்குத்தான். வெளிச்சமும் நிறைய வேண்டும். வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும், நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடும் பெடல் இழுபட்ட கோடாகத்தான் பதியும். காலை ஏழு மணி மொட்டை மாடி வெளிச்சத்தை எந்த ட்யூப்லைட்டும் கொடுக்காது.

மொட்டை மாடியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் ஒரு அறையில் சைக்கிளையும் வைத்து கேமராவையும் தள்ளி வைக்க இடம் இருக்காது. இரண்டு மீட்டரில் வைத்து வைடு லென்ஸில் எடுப்பார்கள். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை, ஐந்து செ.மீ. முன்பின் இருக்கும். இரண்டு மீட்டரில் அந்த ஐந்து செ.மீ. என்பது இரண்டரை சதவீதப் பிழை, ஐந்து மீட்டரில் ஒரு சதவீதம். ஆக, தள்ளிப் போய், ஸ்லோ மோஷன் அனுமதிக்கிற அளவுக்கு ஜூம் செய்து, இடுப்புக்கும் பெடலுக்கும் நடு உயரத்தில் போனை வைத்து, சைக்கிளுக்கு நேர் செங்குத்தாக எடுங்கள்.

நேராக இருக்கிறதா என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கடன் வாங்குங்கள். டிரெய்னரில் நிற்கும் சைக்கிளின் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தூக்குக்குண்டை சைக்கிளுக்குப் பக்கத்தில், கால் ஓடும் அதே தளத்தில், வீடியோவில் தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள், செங்குத்து எது என்பதற்கு வீடியோவிலேயே சாட்சி இருக்கும். அப்புறம் ஆசாரியின் மூலைமட்டத்தை இடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு முறை, முழங்கால் இடத்தில் ஒரு முறை, கணுக்கால் இடத்தில் ஒரு முறை பிடித்து வீடியோ எடுத்து, கினோவியா மாதிரி இலவச மென்பொருளில் கோணத்தை அளந்து பாருங்கள். மூன்று இடத்திலும் 90 வர வேண்டும். 88 வந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது, அல்லது லென்ஸ் வளைக்கிறது. ஆளை ஏற்றுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

மிதிக்கிற நிலைமையும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 120 வாட்டில் உட்காருகிற மாதிரி 280 வாட்டில் யாரும் உட்காருவதில்லை. வாட் ஏற ஏற ஆள் சீட்டின் நுனிக்கு நகர்வார், கணுக்கால் வேறு மாதிரி வேலை செய்யும். மேல்மட்ட வீரர்களை ரேஸ் வேகத்துக்கு அருகில் அளக்காவிட்டால் ரேஸில் இல்லாத ஒரு உடம்பை அளந்ததாகத்தான் அர்த்தம். பத்து நிமிடம் வார்ம் அப், பிறகு ஒரே வாட், ஒரே கேடன்ஸ், அதே ஷூ, அதே கிளீட் (ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் துண்டு), பெரிய ஃபேன் ஒன்று முகத்துக்கு நேராக. பிறகு தொடர்ச்சியாக 15 அல்லது 20 சுற்றுகளை எடுத்து சராசரி போடுங்கள். ஒரே ஒரு சுற்றில் கிடைத்த எண்ணை எழுதிக்கொடுக்கும் ஃபிட்டரிடம் திரும்பப் போகாதீர்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த வேலை. ஆறு பேரையும் அளங்கள். எல்லா ஸ்டிக்கரையும் உரித்து, மைக்குறியையும் ஸ்பிரிட்டால் அழித்துவிடுங்கள். போனையும் ஸ்டாண்டிலிருந்து கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, முதல் எண்களைப் பார்க்காமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து மறுபடி அளங்கள். முடிந்தால் இரண்டாவது சுற்றை வேறொரு நாளில் செய்யுங்கள், இன்னும் நேர்மையான விடை கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழியுங்கள்.

உதாரணத்துக்கு, வித்தியாசங்கள் +2, −1, +3, 0, −2, +1 டிகிரி என்று வந்தால், அவற்றின் திட்ட விலக்கம் 1.87. அதை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.3. இதுதான் உங்கள் கையின் அளவீட்டுப் பிழை. அதை 2.77-ஆல் பெருக்கினால் சுமார் 3.7 டிகிரி. ஒரு பிள்ளையின் கோணம் இரண்டு அளவுகளுக்கு நடுவில் 3.7 டிகிரிக்குள் மாறினால் அது உங்கள் கையா அவள் காலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைத் தாண்டினால்தான் நிஜமாக ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். சீட்டை 5 மி.மீ. ஏற்றினால் முழங்கால் கோணம் சுமார் 2 டிகிரிதான் மாறும். ஆக, இந்தக் கையை வைத்துக்கொண்டு 5 மி.மீ. மாற்றத்தை ஒரே ஒரு முறை அளந்து சரிபார்க்க முடியாது. பல முறை தனித்தனியாக அளந்து சராசரி போட்டால் பிழை குறையும்: நான்கு முறை அளந்தால் பாதி. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், எந்த ஃபிட்டரின் அறிக்கையையும் கையில் வாங்கியதும் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால் இந்த எண்ணுக்குப் பதில் இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன் என்று, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால் பிழை எவ்வளவு சின்னது என்று காட்ட 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் கொடுத்து, 0.95 வந்தது, அளவு அபாரம் என்று எழுதியிருப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது, மேல்மட்ட வீரர்களை அளப்பவர்கள் இதில்தான் அதிகம் விழுகிறார்கள். நேற்று சைக்கிள் வாங்கியவர், கல்லூரி மாணவர், தேசிய வீரர் என்று கலந்து அளந்தால் ஆளுக்கு ஆள் கோணம் மிகவும் வேறுபடும். அந்தப் பரவல் 6 டிகிரி, கைப்பிழை 1.3 டிகிரி என்றால் எண் 0.95 வரும். அதே கை, அதே பிழை, ஆனால் ஏறக்குறைய ஒரே மாதிரி உட்காரும் தேசிய வீரர்களை மட்டும் அளந்து பரவல் 2 டிகிரியாகச் சுருங்கினால் எண் 0.70-க்கு இறங்கிவிடும். கருவி கெடவில்லை, கை கெடவில்லை, ஆட்கள் மட்டும் மாறினார்கள். அதனால் கருவி விற்பவர் 0.95 என்று சொன்னால் "டிகிரியில் பிழை எவ்வளவு, யாரை அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிட்டு சாதாரண கோரிலேஷன் (இரண்டின் எண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பது) மட்டும் கொடுத்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு கருவி எப்போதும் 5 டிகிரி கூட்டியே காட்டினாலும் கோரிலேஷன் முழுசாக 1 வரும். 1986-இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இதைத்தான்: வித்தியாசங்களை நேரடியாக வரைந்து பாருங்கள் என்றார்கள். இன்றும் அதைவிட நேர்மையான வழி இல்லை என்பது என் கருத்து.

எத்தனை வாட் என்று காட்டும் பவர் மீட்டருக்கும் இதே நியாயம்தான். ஜெர்மனியின் உல்ரிச் ஷோபெரர் 1986-இல் எஸ்ஆர்எம் என்ற பவர் மீட்டரைக் கொண்டுவந்தது முதல், கிராங்கின் உலோகம் எவ்வளவு முறுக்கப்படுகிறது என்பதை ஸ்ட்ரெயின் கேஜால் அளந்து, சுற்றும் வேகத்தால் பெருக்கி வாட் சொல்கிறார்கள். நல்ல மீட்டர்கள் கூட்டிக் குறைத்து 1 அல்லது 2 சதவீதம் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. உங்கள் பிள்ளை ஒரு சீசன் முழுக்க உழைத்து ஏற்றுகிற வாட்டும் சில சமயம் அவ்வளவுதான். சீசன் நடுவில் மீட்டரை மாற்றினால் அந்த உழைப்பு எண்ணில் காணாமல் போகும், அல்லது இல்லாத முன்னேற்றம் முளைக்கும். 1989 டூர் டி ஃபிரான்ஸில் மூன்று வாரம் ஓட்டிய பிறகு முதலிடம் பிடித்த லெமாண்டும் இரண்டாமிடம் பிடித்த ஃபின்யோனும் பிரிந்தது 8 நொடியில். அந்த மட்டத்தில் 2 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

மீட்டரைச் சோதிக்க முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்று வேண்டும், தெரிந்த எடைக்கடையில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். பின்சக்கரத்தைப் பூட்டி, கிராங்கை ரசமட்டம் வைத்துப் படுக்கைவாட்டில் நிறுத்தி, பெடல் அச்சில் கல்லைத் தொங்கவிடுங்கள். 170 மி.மீ. கிராங்குக்கு 33.3 நியூட்டன் மீட்டர் முறுக்கு காட்ட வேண்டும். 90 ஆர்பிஎம்மில் அது 310 வாட் சொச்சத்துக்குச் சமம், அதாவது நிஜமாக ஓட்டும் வரம்புக்குள்ளேயே சோதிக்கிறீர்கள். கணக்குப் போடும்போது புவியீர்ப்பைப் பள்ளிக்கூடப் புத்தகத்து 9.81 என்று எடுக்காமல் 9.78 என்று எடுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிற சென்னையில் அவ்வளவுதான். வித்தியாசம் 0.3 சதவீதம்தான், இருந்தாலும் இலவசமாகத் திருத்த முடிகிற பிழையை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? ஓட்டும் முன் ஸீரோ ஆஃப்செட் போடுங்கள், அதாவது பாரமில்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி செய்யுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த உடனே போடாமல், சைக்கிள் வெளி வெப்பத்துக்குப் பழகிய பிறகு போடுங்கள். இடது கிராங்கில் மட்டும் இருக்கும் மீட்டர் இடதுகாலை இரண்டால் பெருக்குகிறது. 250 வாட் ஓட்டும் பிள்ளை இடதுகாலில் 48 சதவீதம், வலதுகாலில் 52 சதவீதம் என்று மிதித்தால் அது 240 என்று காட்டும், வலி வந்து இடதுகாலைப் பாதுகாக்க ஆரம்பித்தால் இன்னும் இறங்கும். கிராங்க் மீட்டரையும் டிரெய்னர் காட்டும் வாட்டையும் ஒப்பிடாதீர்கள், நடுவில் செயின் இரண்டு மூன்று சதவீதத்தைத் தின்றுவிடும்.

அளவுத்திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று. 2005-இல் எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளர், அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பல ஆண்டுகள் லேபில் அளந்து, அவருடைய உடல் திறன் (உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போகும் பங்கு) 21.2 சதவீதத்திலிருந்து 23.1 சதவீதமாக உயர்ந்தது என்று எழுதினார். உடனே மற்ற ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளில் முக்கியமானது, அத்தனை ஆண்டும் அந்த எர்கோமீட்டர் (லேபில் வாட் அளக்கும் சைக்கிள்) அளவுத்திருத்தத்தோடுதான் இருந்ததா, அதற்குப் பதிவு எங்கே என்பதுதான். 2012-இல் பட்டங்கள் பறிக்கப்பட்டு, 2013-இல் ஆம்ஸ்ட்ராங்கே ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டது வேறு கதை. அது தெரிவதற்கு முன்பே, இரண்டு சதவீதப் புள்ளி மாற்றம் உடம்பில் வந்ததா, கருவியில் வந்ததா என்று அந்த ஆய்வால் எல்லோரையும் நம்பவைக்க முடியவில்லை. நீங்கள் ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு மாதமும் எடைக்கல் காட்டிய எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள். பல லேபுகளில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பிள்ளைகள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள். புதிய பெடல்களும் மீட்டர்களும் பெடலிங் எவ்வளவு வழவழப்பு, விசை எவ்வளவு வீணாகிறது என்று சதவீதம் காட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு "வட்டமா மிதி, மேல வரும்போது இழு" என்று கத்துகிறோம். 1991-இல் காயிலும் மற்றவர்களும் அளந்தபோது, மேல்மட்ட வீரர்கள் மற்ற நல்ல வீரர்களைவிட கீழே அழுத்தும்போதுதான் அதிக விசை கொடுத்தார்கள், மேலே இழுத்ததால் அவர்கள் வேகமாக இல்லை. 2007-இல் கோர்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, வீரர்களை வேண்டுமென்றே மேலே இழுக்கச் சொல்லிப் பார்த்தது. விசைச் சதவீதம் அழகாக ஏறியது, உடம்பின் திறனோ இறங்கியது. அந்த எண்ணை நம்பகமாக அளக்க முடிகிறது என்பதாலேயே அது துரத்த வேண்டிய எண்ணாகிவிடாது. ஒரே பிள்ளையின் இடது வலது சமநிலை திடீரென மாறுகிறதா என்று கண்காணிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தசை மின்னோட்டம் அளக்கும் ஈஎம்ஜி பற்றிச் சுருக்கமாக: நம் வேர்வையில் எலெக்ட்ரோடு நிற்பதே பாடு, ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் முடியாது. உங்களுக்கு இப்போது வேண்டாம். ஸ்டிக்கர் இல்லாமல் போனே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் ஆப்கள் வேகமாக வளர்கின்றன, வேண்டுமானால் முயற்சி செய்யுங்கள். ஆனால் மேலே சொன்ன அதே இரட்டை அளவுச் சோதனையை அந்த ஆப்புக்கும் வையுங்கள், ஸ்டிக்கர் எண்ணையும் ஆப் எண்ணையும் கலக்காதீர்கள். ரோட்டில் அளப்பதாக இருந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வேண்டவே வேண்டாம். கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் போனாலே காற்று இழுத்துவிடும், மதியத்துக்கு மேல் கடல் காற்று வேறு. எண்ணும் கெடும், உயிருக்கும் ஆபத்து. ஓடும் நிலையில் அளக்க வேண்டிவந்தால் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் சைக்கிள் பந்தயத் தளமான வெலோட்ரோமுக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள்.

இனி அந்தப் பெண். இப்போது சீட்டைத் தொடாதீர்கள். சீட்டின் உயரத்தை பிபி மையத்திலிருந்து (கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து) சீட்டின் மேற்பரப்பு வரை அளந்து, சீட் போஸ்ட்டில் டேப் சுற்றிக் குறித்துவையுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில், அதே வாட்டில், வலிக்கிற கால், வலிக்காத கால் இரண்டையும் அளங்கள். இரண்டு போன் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுங்கள், சைக்கிளைத் திருப்பிவைத்தால் மட்டமும் நேரும் மறுபடி மாறிவிடும். முழங்காலோடு கணுக்கால் கோணத்தையும் எழுதுங்கள். வலியைத் தவிர்க்க குதிகாலைத் தூக்கி ஓட்டினால் முழங்கால் எண் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாள் சராசரியில், ஓடும் அளவு 40-ஐ ஒட்டியே வந்தால், அந்த எண்ணை மட்டும் வைத்து சீட்டு மோசம் என்று சொல்ல முடியாது. கிளீட்டின் கோணம், திடீரென ஏற்றிய பயிற்சி தூரம், பெரிய கியரில் குறைந்த கேடன்ஸ் என்று தேட வேண்டியவை வேறு இருக்கின்றன. 45-ஐத் தாண்டினால் சீட்டை 3 மி.மீ. ஏற்றி, ஒரு வாரம் ஓட்டவிட்டு, மறுபடி மூன்று நாள் அளங்கள். அவளிடம் வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினமும் ஒரே நேரத்தில் கேட்டு எழுதுங்கள், சீட்டை மாற்றிய நாளை அவளிடம் சொல்லாமல் இருக்க முடிந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு கூடும்.

முழங்கால் வீங்கினாலோ, படி இறங்கும்போது பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ இந்த அளவு வேலையெல்லாம் நிறுத்திவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், எந்த வாரம் எவ்வளவு ஓட்டினாள், வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்பார்.